இறக்கம் பார்த்து நிறுத்துகிறவர்

என் வீட்டுக்காரர் ஜுனைதீன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது அந்த வீட்டு ஆட்களை இல்லை. வாசலில் இறக்கம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இறக்கம் இருந்தால் முகம் மலரும், உள்ளே வந்து இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடிப்பார். இல்லாவிட்டால் "பொறகு வாரேன்" என்று போய்விடுவார். சாவு விழுந்த மௌத்து வீடாக இருந்தாலும் அப்படித்தான். பதுளையில் அவருடைய சிநேகிதர்கள் எல்லாரும் மேட்டில் குடியிருப்பவர்கள்.

காரணம் கார். டீசல் எஞ்சின் போட்ட பழைய ஒஸ்டின். எங்கள் மகள் பலீலா தொட்டிலில் கிடந்தபோது வாங்கியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வாடகைக்கு ஹயர் ஓடுவார். வலி எடுத்த பொம்பளையைத் தோட்டத்து லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார், புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோயிலுக்குக் கொண்டுபோவார், அப்புத்தளையில் ரயிலைத் தவறவிட்ட கிளாக்கர் ஐயாவை வீடு சேர்ப்பார். மைல் மீட்டர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி பூச்சியத்திலிருந்து பிள்ளை மாதிரி எண்ணத் தொடங்கி, அந்தச் சுற்றிலும் பாதியைத் தாண்டிவிட்டது. எனக்கும் அந்தக் காருக்கும் ஒரே வீட்டில்தான் வயதானது. ஆனால் என்னை யாரும் இறக்கத்தில் நிறுத்தவில்லை.

ஸ்டார்ட்டரைப் போட்டால் அது முனகும், அவ்வளவுதான். சில நாள் எழும்பும், சில நாள் எழும்பாது. ஆகவே மூக்கு கீழே பார்க்கிற மாதிரி இறக்கத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்திருப்பார். காலையில் கல்லை எடுத்து உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சைப் பட்டென்று விட்டால், ஒரு உதறல் உதறி எழும்பும். கொடியில் காயும் என் துணியெல்லாம் புகை மணக்கும். பதுளை மேடும் பள்ளமுமான ஊர் என்பதால் காலம் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆட்களுக்கும் பழகிவிட்டது. சமதரையில் நின்றுவிட்டால், "மொதலாளி, எறங்கித் தள்ளிட்டு ஏறிக்கிறோங்க" என்று வெள்ளைக்கல் தோட்டத்துக் கந்தப்பன் சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டுவான். வலி எடுத்தவளை உள்ளே வைத்துக்கொண்டு புருஷன் தள்ளிய கதையும் உண்டு.

பலீலாவுக்கு மொனராகலையிலிருந்து சம்பந்தம் வந்தது. என் தம்பி காமில்தான் கொண்டுவந்தான். ஷுக்ரி நானாவின் மகன், பஸாரில் துணிக்கடை, நல்ல பிள்ளை. பலீலாவுக்கும் பிடித்துப்போனது. எல்லாம் கேட்டுவிட்டு இவர் கேட்டது ஒரே கேள்வி.

"மொனராகலையா? அங்க ஒரு மேடு பள்ளம் ஈக்குதா?"

தூரம் அதிகம், வெயில் அதிகம் என்று மறைமுகமாகச் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தோம். கல்யாணம் நடந்தது. அன்றைக்கு முழுக்க மனுஷர் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலாகியும் மகளின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் காமிலோடு பஸ்ஸில் போய் வருவேன். இவரைக் கூப்பிட்டால் அன்றைக்குத்தான் தோட்டத்தில் ஹயர் இருக்கும், அன்றைக்குத்தான் முழங்கால் வலிக்கும்.

"பஸ்ஸில சரி வாங்களேன்" என்பேன்.

"கார் வெச்சீக்கிற மனுசன் சம்மந்தி வீட்டுக்கு பஸ்ஸில போய் எறங்கவா? ஊர் சிரிக்கும்."

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். பெருநாள் அன்று ஹயருக்குக் குறைவில்லை என்று இவர் காலையில் போனவர், அவர்கள் திரும்பிப் போகிற நேரம்தான் வந்தார். மகளின் தலையைத் தடவினார், அவ்வளவுதான். பலீலா பஸ்ஸில் ஏறும்போது என் காதில் கேட்டாள்.

"வாப்பாக்கு என்னோட கோவமா உம்மா? நான் அந்தக் கல்யாணத்துக்கு ஓம் எண்டது அவருக்குப் பிடிக்கல்லையா?"

நான் இல்லை என்றேன். ஆனால் எனக்கே அது உறுதியில்லை. எனக்கும் அவர்மேல் கோபம் இருந்தது. ஒரே மகள். மனதுக்குள் என்ன இருந்தாலும் ஒரு தரம் போய் அவள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் குறைந்தா போய்விடும்?

பலீலாவுக்கு ஏழு மாதமானது. முதல் பிள்ளைக்கு மகளைத் தாய்வீட்டார் போய் அழைத்துவர வேண்டும். அதுவும் தகப்பன் போக வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாப்பாடு என்று ஷுக்ரி நானா ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். இனி முழங்கால் வலி செல்லாது. இவர் இரண்டு நாள் தாடியைத் தடவிக்கொண்டு திரிந்தார். மூன்றாவது நாள் கார் திருத்துகிற கராஜ் மஹ்ரூப் பாஸை வீட்டுக்கே கூட்டிவந்தார். நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

மஹ்ரூப் முன்மூடியைத் திறந்து காது வைத்துக் கேட்டான், எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தான், புகையை முகர்ந்தான்.

"எஞ்சின் தேஞ்சி போச்சு நானா. எறக்கித் தொறந்து பாக்கோணும். இறக்குமதி தொறந்தீக்கிறதால கொழும்பில சாமான் இப்ப கெடைக்கும். இல்லாட்டி இத வித்துப்போட்டு ஒரு ஜப்பான் வேன் எடுங்க. ரெண்டில ஒண்டு."

"தொறக்காம ஒண்டும் செய்ய ஏலாதா?"

"தொறக்காம என்னத்தச் செய்ற?"

இவர் முன்மூடியைத் தானே இறக்கி மூடினார். எனக்குத் தெரியும், இது இன்றைய பேச்சு இல்லை. நாலைந்து வருஷமாக மஹ்ரூப் திறக்கச் சொல்வான், இவர் பார்ப்போம் என்பார். திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். திறக்காத வரைக்கும் கார் உயிரோடு இருக்கிறது. வைத்தியரிடம் போகப் பயந்து இருமலை மறைக்கிற மனிதர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம்.

"வெள்ளிக்கிழமை மொனராகலைக்குப் போய் வரோணும். அது மட்டும் போதும்" என்றார்.

மஹ்ரூப் சிரித்தான். "போய்ச் சேரும். பதுளையெண்டா திரும்பியும் வரும். அங்க ஒரே சமதரை. நிப்பாட்டினீங்க எண்டா எழும்பாது."

சீலைக்குப் பின்னால் எனக்குப் பொறி தட்டியது. மேடு பள்ளம் ஈக்குதா என்று அவர் கேட்டது வெயிலையும் தூரத்தையும் பற்றி இல்லை. மெய்யாகவே மேட்டையும் பள்ளத்தையும்தான் கேட்டிருக்கிறார். மஹ்ரூப் போனதும் வெளியே வந்தேன்.

"இதுக்காகவா ஒரு வருஷமா மகள்ட வீட்டுக்குப் போகல்ல?"

அவர் சக்கரத்துக் கல்லைக் காலால் சரிசெய்தார். "போய் நிப்பாட்டி, வார நேரம் எழும்பாட்டி? புது சம்மந்தி. எல்லாரும் வாசல்ல நிண்டு பாக்க, மொனராகலை பஸார் ஆக்களெல்லாம் வந்து தள்ள... என்ட மகள்ட மொகத்த அந்த வீட்டுல நான் எறக்கவா?"

"அவ நீங்க கோவத்தில ஈக்கிறீங்க எண்டு அழுறா."

"கோவமா? எனக்கா?" என்றார். நிஜமாகவே திகைத்துப் போனார். பிறகு தாழ்ந்த குரலில், "சொல்லிப்போடாத ஸைனப். சம்மந்தி வீட்டுல நாணக்கேடு. நீ சொல்ல மாட்டாய் எண்டு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்று சொல்லித் தொலைத்தேன். எனக்கு இரக்கமும் வந்தது, தலையில் குட்டவேண்டும் போலவும் வந்தது.

வெள்ளிக்கிழமை விடியவே வெள்ளெனப் புறப்பட்டோம். வெற்றிலை, வாழைப்பழக் குலை, இனிப்புக்குத் தொதல், மகளுக்கு ஒரு புதுச் சேலை. பசறை தாண்டியதும் பாதை கீழே இறங்க இறங்க இவர் டீசல் மிச்சம்பிடிக்கிற வழக்கப்படி எஞ்சினை நிறுத்தி உருளவிடவில்லை. அதைக் கவனித்துத்தான் ஏன் என்று கேட்டேன்.

"நான் ஒரு வழி யோசிச்சீக்கிறேன்" என்றார். "அங்க போனா நிப்பாட்டவே மாட்டேன்."

"எப்படி?"

"எஞ்சின் ஓடிக்கொண்டே ஈக்கும். ஜும்ஆக்கு மருமகன்ட சைக்கிள்ல போவேன். சாப்பிட்டு, மகளை ஏத்திக்கொண்டு வருவோம்."

இதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் உலகத்தில் இல்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நான் வாழைப்பழக் குலை உருளாமல் பிடித்துக்கொண்டேன்.

ஷுக்ரி நானாவின் வீட்டு முற்றம் கேரம் பலகை மாதிரி. ஒரு விரல் அளவு சரிவு கிடையாது. மாமரத்தடியில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சினை அப்படியே விட்டு இறங்கினார். வீட்டார் எல்லாரும் வாசலில் நின்றார்கள். ஸலாம் சொல்லிக் கட்டித் தழுவினார்கள். கார் பின்னால் தடதடவென்று அடித்துக்கொண்டு நின்றது.

"சம்மந்தி, கார நிப்பாட்டல்லையா?" என்றார் ஷுக்ரி நானா.

"ஈக்கட்டும், ஈக்கட்டும். சுணங்காமப் போகோணும்."

ஷுக்ரி நானாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. ஆனால் கண்ணில் இல்லை. முதல் தரமாக வீட்டுக்கு வந்த சம்பந்தி, உட்காருவதற்கு முன்னாலேயே போகவேண்டும் என்கிறார். ஆண்கள் ஜும்ஆவுக்குப் போய் வந்தார்கள். கார் ஓடிக்கொண்டிருந்தது. சஹன் வைத்தார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும் வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒரே தட்டில் கை வைப்பது எங்கள் வழக்கம். ஒரு சஹனில் உட்கார்ந்தவன் மற்றவர்கள் முடிக்கும்வரை எழும்பக்கூடாது. இவர் உட்கார்ந்தார். ஆனால் ஒரு காது முற்றத்தில். எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தால் தலை திரும்பும். காற்று திரும்பியபோது புகை கூடத்துக்குள் வந்து சோற்றின்மேல் படிந்தது. ஒருவரும் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. அந்த மரியாதையைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உள்ளறையில் பலீலா பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது, முகம் மெலிந்திருந்தது. அவளுடைய மாமியார் தண்ணீர் கொண்டுவரப் போன நேரம் பார்த்துப் பையை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"நான் வரல்ல உம்மா."

"என்ன பேச்சு இது?"

"ஒரு வருஷத்துக்குப் பொறகு வந்தீக்கிறார். கார நிப்பாட்டக்கூட அவருக்கு மனசில்ல. மூட்டை ஏத்த வந்த லொறி மாதிரி நிக்கிறார். மாமா எவ்வளவு ஆசையா ஆடு அறுத்தார் தெரியுமா? என்ட வீட்டுல ஒரு வாய் சோத்த நிம்மதியாத் திங்க ஏலாத வாப்பாட வீட்டுல நான் போய்ப் புள்ளயப் பெறணுமா?"

அவள் சத்தம் போட்டு அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துச் சொன்னாள். இவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு வராவிட்டால் தகப்பனும் மகளும் அவ்வளவுதான். சம்பந்தி வீட்டிலும் இது ஆறாது. சொல்ல மாட்டேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். செய்யமாட்டேன் என்று எதுவும் கொடுக்கவில்லை.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, சஹனைச் சுற்றி இருந்த ஆண்களைத் தாண்டி முற்றத்துக்குப் போனேன். என் கல்யாண வாழ்க்கையில் அப்படி நான் நடந்ததில்லை. காருக்குள் கையை விட்டு, எஞ்சினை நிறுத்த அவர் இழுப்பதை நான் பார்த்திருக்கிற கறுப்புக் குமிழை இழுத்தேன். எஞ்சின் இரண்டு தரம் குலுங்கி அடங்கியது. மாமரத்தில் காகம் கத்துவது அப்போதுதான் கேட்டது.

இவர் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தார். "என்ன செஞ்சாய்?"

"நிப்பாட்டினேன். இனி நீங்க மகள்ட்டப் போய் பேசுங்க. நான் ஒண்டும் சொல்லல்ல."

கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டுப் பார்த்தும் பயனில்லை என்று தெரிந்த முகம். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் சம்பந்தி வீட்டார் எல்லாருக்கும் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"மகள், எனக்கு ஒங்களோட என்ன கோவம்? இந்தக் கார் சமதரைல நிண்டா எழும்பாது. பள்ளத்தில உருட்டித்தான் எடுக்கிற. இஞ்ச பள்ளமில்ல. வந்து மாட்டிக்கொண்டா ஒங்களுக்கு வெக்கம் எண்டுதான் நான் வரல்ல. இண்டைக்கும் அதாலதான் நிப்பாட்டல்ல. வேற ஒண்டுமில்ல."

பலீலா அவரையே பார்த்தாள்.

"தள்ளினா எழும்பும்தானே வாப்பா?"

"எழும்பும்."

"எங்கட வீட்டுல தள்ள ஆளில்லையா?"

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். தோளில் கிடந்த லேஞ்சியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பலீலா எழும்பிப் போய் அவருடைய தலையைத் தடவினாள். எனக்கும் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய்விட்டேன்.

பிறகு அவர் மறுபடி சஹனில் போய் உட்கார்ந்தார். அவருடைய பங்கை யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள். ஷுக்ரி நானா தன் கையால் இறைச்சியை அவர் பக்கம் ஒதுக்கிவிட்டு, "இனி எங்க ஓடப் போறீங்க, ஆறுதலாத் தின்னுங்க" என்றார். தின்றார். இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றார். அஸர் தொழுது, தேத்தண்ணீர் குடித்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் புறப்பட்டோம். ஷுக்ரி நானா, மருமகன், பக்கத்துக் கடைக்காரர்கள், கரும்பு ஏற்றிய லொறியை நிறுத்திவிட்டு இறங்கி வந்த இரண்டு பேர், எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். பஸார் பார்த்தது உண்மைதான். சிரித்தார்கள் என்பதும் உண்மை. எங்கள் ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும்விடக் கூடுதலாகச் சிரித்தார்.

மறு வாரம் அவரே மஹ்ரூப்பிடம் போய், "எறக்கித் தொற" என்றார். எஞ்சினை இறக்கிப் பிரித்துப் போட்டுவிட்டு மஹ்ரூப் ஆள் அனுப்பினான். இவர் போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அடுப்படியில் நான் இருந்தேன். என்னைத் தாண்டிப் போய், கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பலீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம்தான் முதலில் சொன்னார்.

"இன்னொரு தரம் சிலிண்டரக் கடைஞ்சி போர் அடிச்சி எடுக்கலாம் எண்டு சொல்றான் மஹ்ரூப். ஒரு வருஷம் ஓடும், மிஞ்சினா ரெண்டு வருஷம். அதுக்குப் பொறகு கேக்க வேணாமாம்."

"செய்யப் போறீங்களா?"

"இல்ல மகள். அவன்ட்டயே குடுத்துட்டு வந்துட்டேன். சாமான் சாமானா வித்துக்கொள்ளட்டும். காமில் மாமாவும் நானும் பங்குக்கு ஒரு வேன் பாப்போம். கெடைக்கக் கொஞ்ச நாள் போகும்."

எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும் கண் வாசல் பக்கமே போனது. அங்கே கார் இல்லை, கல் மட்டும் கிடந்தது. அவருக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பலீலா நீட்டிய காலை மடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப புள்ள பொறந்து நாப்பது நாள் முடிஞ்சி நானும் புள்ளயும் மொனராகலைக்குப் போன பொறகு, எங்களப் பாக்க எதில வருவீங்க?"

"பஸ்ஸிலதான்."

"கார்க்கார ஜுனைதீன் பஸ்ஸில வந்தா ஊர் சிரிக்காதா வாப்பா?"

"சிரிக்கட்டும்" என்றார். "நான் ஒவ்வொரு மாசமும் வருவேன். எத்தன தரம் சிரிக்கிற?"